உள்ளே மணி அடிக்கவில்லை

திரையில் கதவு கிறீச்சிட்ட இடத்தில் யாரோ சிரித்தார்கள். முதலில் ஒருவர்தான். பாதாள அறையில் மெழுகுவர்த்தி அணைந்தபோது அந்தச் சிரிப்பு முன்வரிசைவரை போய்விட்டது. கறுப்புப் புடவை கட்டிய உருவம் திரும்பிப் பார்த்தபோது அரங்கமே கலகலவென்று ஆகிவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அமைதி தன் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். அது அவள் எடுத்த முதல் படம். பேய்ப்படம்.

அமைதி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. படப்பிடிப்பில் மற்றவர்கள் "சைலன்ஸ்" என்று தொண்டை கிழியக் கத்தும் இடத்தில் அவள் மெல்ல "அமைதி" என்பாள். உதவி இயக்குநராக இருந்த காலத்தில் லைட்மேன்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

படம் முடிந்து கூட்டம் கலைந்ததும் தயாரிப்பாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். தரையில் ஒட்டுகிற டைல்ஸ் வியாபாரத்தில் நிமிர்ந்தவர். படம் எடுப்பது அவருக்கும் இதுதான் முதல்முறை.

"நடுவுல எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு," என்றார். "ஆனா ஆரம்பத்துலயே சிரிச்சுட்டான்னா அப்புறம் அவன் எதுக்குப் பயப்படுவான்? சொல்லக் கூடாது, நானே சிரிச்சுட்டேன்."

"மாத்திடலாம் சார்."

"என்ன மாத்துவீங்க?"

 அவரே சொன்னார். "ஒரு நாள் ஷூட்டிங் தர்றேன். ஒரே இடம். அதுக்கு மேல என்னால முடியாது. மாத்தி எடுத்துட்டு வாங்க, மறுபடி போட்டுப் பார்ப்போம். அப்பவும் சிரிச்சாங்கன்னா, இதை அப்படியே மூட்டை கட்டி வெச்சுடலாம்."

படத்தின் கதை எளிமையானது. ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிவருகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஒன்று, வீட்டில் இருப்பவர்களின் குரலை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறது. இந்தக் கதைக்குப் பாதாள அறை எதற்கு என்று இப்போது கேட்டால் அவளுக்கே தெரியாது. எல்லாப் பேய்ப்படங்களிலும் இருந்ததால் இதிலும் வைத்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அவளும் எடிட்டரும் எடிட்டிங் அறையிலேயே குடியிருந்தார்கள். எடிட்டரை எல்லோரும் கத்திரி என்பார்கள். நீளமான ஆள், ஒட்டிய வயிறு, எதைச் சொன்னாலும் முதலில் மறுக்கிற சுபாவம். தம்பி மாதிரி பழகுகிறவன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"கிணறு," என்பாள் அவள்.

"பாத்தாச்சு."

"கண்ணாடி. அவ தலை வாரிட்டு இருக்கா."

"கண்ணாடியைக் காட்டினாலே பின்னாடி ஆள் வரும்னு சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும்க்கா. தோள்ல ஒரு கை வர்ற வரைக்கும் பாப்கார்ன் சாப்பிட்டுட்டு இருப்பான்."

"பூனை."

"பூனையை விடுங்க, பாவம். அது எத்தனை படத்துலதான் குறுக்க ஓடும்?"

வீட்டிலும் இதே நினைப்புதான். மாலையில் விளக்கைப் போடாமல் குளியலறைக்குள் நின்று, எந்த நொடியில் தனக்கு அடிவயிறு கலங்குகிறது என்று பார்ப்பாள். கலங்காது. வெளியிலிருந்து அவள் கணவன், "என்ன, வயித்துக்கு ஒத்துக்கலையா?" என்பான். அவன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். நாளெல்லாம் மற்றவர்கள் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதிப்பதைப் பார்த்துப் பார்த்து அவனுக்குப் பயம் என்பதே மரத்துப்போயிருந்தது. அவனிடம் யோசனை கேட்டும் பிரயோஜனம் இல்லை.

அவளுடைய உண்மையான பயம் வேறு. படம் போய்விடும். இத்தனை வருஷம் அடுத்தவர்களின் படத்துக்கு ஓடிய ஓட்டமும் போய்விடும். அந்த நினைப்பு சோற்றில் கல் போல வேளாவேளைக்குப் பல்லில் பட்டது. படப்பிடிப்புக்கென்று குறித்த நாள் நெருங்க நெருங்க அவள் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மதியம் அவளும் கத்திரியும் பழைய ஆரம்பத்தையே சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளிடமிருந்து ஃபோன் வந்தது.

மகளுக்கு ஒன்பது வயது. சிட்டு என்று கூப்பிடுவார்கள். பள்ளி வேன் இறக்கிவிட்டதும் கீழ்வீட்டில் சாவியை வாங்கிக்கொண்டு மாடியேறி வருவாள். அப்பா வரும்வரை கொஞ்ச நேரம் தனியாக இருப்பாள். அவசரத்துக்கென்று ஒரு பழைய ஃபோனை அவளிடம் கொடுத்துவைத்திருந்தார்கள்.

"சொல்லு சிட்டு."

"அம்மா, எவ்ளோ நேரம்மா குளிப்பே? எனக்கு அவசரமா வருது."

அமைதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா சொல்றே?"

"பாத்ரூமை விட்டு வெளிய வான்னு சொல்றேன். கூப்பிட்டா ம், ம்னுங்கறே. வரவே மாட்டேங்கறே. அதான் ஃபோன் அடிச்சேன்." பிறகு கொஞ்சம் குழப்பமாக, "ஃபோனை உள்ள எடுத்துட்டுப் போயிருக்கியா? உள்ள மணியே அடிக்கலையே."

கத்திரி ஏதோ கேட்கத் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் கை தானாகப் போய் ஸ்பீக்கரை அணைத்தது. 

யாரோ வீட்டுக்குள் இருக்கிறார்கள். யாரோ குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் அவள் மகளுக்குப் பதில் சொல்கிறார்கள். "நான் வீட்டுலயே இல்ல" என்று சொல்ல அவள் வாய் திறந்தது. சொன்னால் சிட்டு என்ன செய்வாள்? கத்துவாள். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கத்துவாள்.

"சைலன்ட்ல போட்டிருக்கேன்," என்றாள் அமைதி. "அதான் கேக்கல."

"நீதானே உள்ள இருக்கே?"

"நான்தான்."

"அப்ப ஏன் உன் குரல் கதவுல கேக்க மாட்டேங்குது? தண்ணிச் சத்தம் மட்டும்தான் கேக்குது."

"தண்ணியத் திறந்து விட்டிருக்கேன்ல." அவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. கத்திரி ஏற்கெனவே வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். "சிட்டு, அம்மா சொல்றதைக் கேளு. எனக்கு இன்னும் நேரமாகும். நீ கீழ்வீட்டுக்குப் போ. அங்க பாத்ரூம் போய்ட்டு, அங்கயே இரு."

"கீழ்வீட்டுக்கா? அவங்க என்னென்னமோ கேள்வி கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும். இப்பவே போ. செருப்பு போட வேணாம்."

"செருப்பு போடாம படியிறங்கினா நீதானே திட்டுவே?"

"இன்னிக்குத் திட்ட மாட்டேன். ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டே போ. மெதுவா நட. வாசக்கதவு திறந்திருக்கா?"

"திறந்துதான் இருந்துச்சு. நான் வரும்போதே சும்மா சாத்தித்தான் வெச்சிருந்தே. அதான் நீ சீக்கிரம் வந்துட்டேன்னு நினைச்சேன். ஏம்மா உனக்கு மூச்சு வாங்குது?"

அவள் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். "தண்ணி ஜில்லுன்னு இருக்கு," என்றாள். "சிட்டு, போறியா? எங்க இருக்கே இப்ப?"

"இங்கதான் நிக்கறேன். அம்மா, தண்ணி நின்னுடுச்சு."

அமைதி கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

"குளிச்சு முடிச்சுட்டியா? ஆ, தாப்பாளை எடுக்கறே. அப்பாடி. வா வா, சீக்கிரம்."

தொடர்பு அறுந்தது.

திரும்ப அழைத்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி. மறுபடி. கத்திரி வண்டியைக் கிளப்பி அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். கீழ்வீட்டுக்கு அடித்தாள், ஃபோன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. கணவனுக்கு அடித்தாள். அவன் யாரையோ பக்கத்தில் உட்காரவைத்து வண்டியில் எட்டு போடப் பழக்கிக்கொண்டிருப்பான், ஃபோன் டேஷ்போர்டுக்குள் கிடக்கும். எடுக்கவில்லை.

சிக்னலில் நின்றார்கள். பக்கத்துக் காரில் ஒரு ஆள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். நடைபாதையில் ஒரு பெண் வாழைப்பழத்தை உரித்துத் தன் பிள்ளைக்குக் கொடுத்தாள். நல்ல வெயில். கடைகள் திறந்திருந்தன. உலகத்தில் எதுவுமே நடக்காதது போல எல்லாம் கிடந்தது. அந்த வெளிச்சத்தின் நடுவில், வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தவளின் தலைக்குள், கூப்பிடாமலே ஒரு எண்ணம் வந்தது: இந்த இடத்தில் பின்னணி இசையே கூடாது.

அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. கத்திரியின் சட்டையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வண்டியை எடு, வண்டியை எடு," என்றாள். விளக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அவன் எடுத்தான்.

வீட்டுக்கதவு ஒருக்களித்திருந்தது. அவள் அதைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதித் திரும்பியது.

சிட்டு சமையல் மேடைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு ரொட்டியில் ஜாம் தடவித் தின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் பால். அடுப்புக்கு முன்னால், நெற்றியோரம் முடி நனைந்து ஒட்டியிருக்க, நின்றிருந்தவள் பாப்பா. அமைதியின் கணவனுடைய தங்கை. முப்பது தாண்டியும் வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் இன்னமும் பாப்பாதான். கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவள்.

"அம்மா, அத்தை வந்திருக்காங்க," என்று சிட்டு சிரித்தாள். "நான் நீன்னே நினைச்சு..." அதற்குமேல் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். கால் ஆடுவது நின்றது. உதடு பிதுங்கி, ஜாம் ஒட்டிய வாயோடு அழ ஆரம்பித்தாள். அதுவரை அவள் பயப்படவே இல்லை.

"யாரைக் கேட்டு வந்தே?" என்றாள் அமைதி. அது அவளுக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது. "ஒரு ஃபோன் பண்ணத் தெரியாதா உனக்கு? வாயில என்ன கொழுக்கட்டையா? அவ அம்மான்னு கூப்பிட்டா, நீ ம்னு சொல்வியா? அறிவிருக்கா?"

"தப்புதான் அண்ணி," என்றாள் பாப்பா.

"தப்புதானா? நான் செத்துப் பொழைச்சு வரேன். தப்புதானாம்."

"தப்புதான் அண்ணி." பாப்பாவின் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. மூக்கின் நுனி பழம்போல இருந்தது. பால் பொங்கி வழிந்தது. அதை இறக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை. திறந்திருந்த குளியலறைக்குள் ஒரு பயணப் பை, வாய் திறந்து, மடிக்காமல் திணித்த துணிகளோடு கிடந்தது. அப்போதுதான் அமைதி அதைப் பார்த்தாள்.

கத்திரி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். சத்தமில்லாமல் திரும்பிப் படியிறங்கிப் போனான்.

மாலையில் அண்ணன் வந்த பிறகு பாப்பா சொன்னாள். அடி இல்லை, உதை இல்லை. அவள் புருஷன் அவளிடம் பேசுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ஏதோ வாக்குவாதம், அதோடு சரி. காபி வேண்டும் என்றால் டம்ளரை மேஜையில் நகர்த்தி வைப்பான். ஃபோனில் மற்றவர்களோடு சிரித்துச் சிரித்துப் பேசுவான். அவள் அறைக்குள் வந்தால் யாரும் வராதது போலவே இருப்பான்.

"நான் செத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சுண்ணா," என்றாள். "ஒரு நாள் கையைக் கிள்ளிப் பார்த்துக்கிட்டேன்."

வாசலுக்கு வெளியே ஷூ ராக்கில் பழைய ஷூவுக்குள் மாற்றுச் சாவி இருப்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் யாரும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு அழலாம் என்று உள்ளே போனாள். சிட்டு வந்து கதவைத் தட்டியபோது வாயைத் திறந்தால் அழுகை வெடித்துவிடும் போல இருந்தது. அதனால் 'ம்' என்றாள். அதற்குமேல் வரவில்லை. பிறகு சிட்டுவின் ஃபோனில் 'அம்மா' என்று வந்துகொண்டே இருந்ததையும் பார்த்தாள். எடுத்தால் அண்ணியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிட்டுவோ குளியலறைக்குள் இருந்தாள்.

"நீ ஏன்டி ஃபோனைக் கட் பண்ணினே?" என்று அமைதி மகளிடம் கேட்டாள்.

"நீதான் வெளிய வரப்போறியே. அப்புறம் எதுக்கு ஃபோன்?" என்றாள் சிட்டு.

அன்றிலிருந்து சிட்டு குளியலறைக்குப் போனால் தாழ் போடுவதில்லை. யாராவது வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் "இருக்கியா?" என்பாள். பெரும்பாலும் பாப்பாதான் நிற்பாள்.

மறுநாள் எடிட்டிங் அறையில் காலை முழுக்கக் கத்திரி வாய் திறக்கவில்லை. எதையும் மறுக்காத கத்திரியைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. கடைசியில் அவளே ஆரம்பித்தாள்.

"நீ என்ன நினைக்கறேன்னு தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான் தெரியுதே."

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "அக்கா, நேத்து வண்டியில எனக்கே பயமா இருந்துச்சு. நான் உங்க வீட்டுக்குள்ள எதையுமே பார்க்கல. நீங்க பேசறது மட்டும்தான் கேட்டுது. இத்தனை நாளா நாம கேமராவைக் கொண்டுபோய்ப் பேய் பக்கத்துலயே வெச்சிருக்கோம்."

அவள் தலையாட்டினாள். இதைத்தான் அவளும் இரவெல்லாம் புரண்டு புரண்டு யோசித்திருந்தாள். பேயைக் காட்டினால் பேய்தான் தெரியும். சிட்டு கதவுக்கு முன்னாலேயே நின்றும் பயப்படவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தாள். அப்படியானால் பார்க்கிறவர்களுக்கும் அந்த முகத்தைத்தான் காட்ட வேண்டும். வேலை செய்கிற இடம், வெளிச்சம், பக்கத்தில் ஆட்கள், காதில் ஒரு ஃபோன். வீட்டைக் காட்டவே கூடாது. தாழ்ப்பாள் சத்தத்தோடு வெட்டி, படத்தின் பெயரைப் போட்டுவிட வேண்டும்.

"ஆனா அது பாப்பாவோட கஷ்டம்டா," என்றாள்.

"கேளுங்க. வேணாம்னு சொன்னா விட்டுடலாம்."

விட்டால் வேறு எதுவும் கைவசம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் முதலில் கணவனிடம் சொன்னாள். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினான்.

"என் தங்கச்சி உள்ள உட்கார்ந்து அழுதா. அதைப் போட்டு ஜனங்களைப் பயமுறுத்தப் போறியா?"

"அவ அழுதது படத்துல வராது. நான் பயந்ததுதான் வரும்."

"ரெண்டும் ஒரே கதவுதானே," என்றான் அவன்.  அவன் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான்.

பாப்பா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அமைதி வாளியிலிருந்து ஒவ்வொன்றாக உதறிக் கொடுத்தாள். எப்படி எடுப்பது என்று தெரியாமல், நான்கைந்து துணிகள் போன பிறகு, நேராகவே சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். சிக்னலில் நின்றபோது தனக்கு வந்த அந்த எண்ணத்தையும் சொன்னாள்.

பாப்பா கிளிப்பை வாயில் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு போர்வையை இழுத்து நேராக்கினாள். பிறகு கிளிப்பை எடுத்தாள்.

"எல்லாரும் அது பேய்னுதான் நினைச்சுப்பாங்க, இல்ல?"

"ஆமா."

"கதவைத் திறந்து காட்டுவீங்களா?"

"மாட்டேன். கடைசி வரைக்கும் காட்ட மாட்டேன்."

பாப்பா அடுத்த துணிக்குக் கை நீட்டினாள். அமைதி கொடுக்க மறந்து நின்றாள். "அந்த வீட்டுல என்னை யாருமே பார்க்கல அண்ணி. நான் நடந்தா ஒரு நாற்காலி கூட அசையல. இங்க வந்து ஒரு தடவை ம்னு சொன்னதுக்கு, நீங்க ஊரைப் பொளந்துக்கிட்டு ஓடி வந்தீங்க." அவள் சிரிக்க முயன்றாள், பாதியில் விட்டுவிட்டாள். "எடுங்க. ஆனா அந்த 'ம்'மை வேற யாரும் சொல்ல வேணாம். நான் வந்து சொல்றேன்."

தயாரிப்பாளருக்குத்தான் இது பிடிபடவே இல்லை. "ஒரு பொம்பளை ஃபோன் பேசறதையே காட்டிட்டு இருப்பீங்களா? பேய் எங்கம்மா? ஒரு கையாவது, ஒரு நிழலாவது?" என்றார். அமைதி இல்லை என்றாள். கொடுத்த ஒரு நாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில், இடத்துக்கு வாடகை மிச்சம் என்று தன் டைல்ஸ் கிடங்கின் அலுவலகத்தையே கொடுத்தார்.

படப்பிடிப்பன்று அமைதி எல்லோருக்கும் முன்னால் கிடங்குக்கு வந்துவிட்டாள். அம்மாவாக நடிக்கும் நடிகையை, கணக்குப் பார்க்கிற மேஜைக்கு முன்னால் உட்காரவைத்தாள். பின்னால் பெட்டி பெட்டியாக டைல்ஸ். உண்மையான ஊழியர்களே அவரவர் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிடங்கின் இன்னொரு கோடியில் இருந்த குளியலறைக்கு வெளியே டப்பிங் பேசுகிற பெண் ஃபோனோடு நின்றாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வாயைத் திறந்தால் எட்டு வயதுக் குழந்தைதான் பேசும். சிட்டு தானே பேசுகிறேன் என்று அடம்பிடித்திருந்தாள். அமைதி ஒப்பவில்லை. குளியலறைக்குள், குழாய்க்கும் தாழ்ப்பாளுக்கும் பொறுப்பாக, பாப்பா.

தண்ணீர் எப்போது நிற்கும் என்று நடிகையிடம் சொல்லவில்லை. பாப்பாவின் இஷ்டத்துக்கு விட்டிருந்தாள்.

முதல் டேக்கில் பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவதில் 'ம்' என்பதற்குப் பதில் "என்னம்மா?" என்றுவிட்டாள். அமைதி குளியலறைக்குப் போனாள். பாப்பா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வரமாட்டேங்குது அண்ணி. அன்னிக்கு எப்படி வந்துச்சுன்னே தெரியல."

"வேணாம்னா சொல்லு. வேற ஆளை வெச்சு..."

"இல்ல. கதவைச் சாத்துங்க."

மூன்றாவது டேக்கில் குழாய் திறந்தது. டப்பிங் பெண் கதவைத் தட்டி "அம்மா" என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல, பாதி மூச்சும் பாதிக் குரலுமாக, "ம்" வந்தது. ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த அமைதிக்குக் கழுத்து மயிர் குத்திட்டு நின்றது. யார் என்று தெரிந்தும் நின்றது. மேஜையில் நடிகை பேனாவை மூடுவதும் திறப்பதுமாக, "நான்தான்... நான்தான் உள்ள இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் நின்றது. நடிகைக்கு அது தெரியவில்லை. டப்பிங் பெண் சொன்னபோதுதான் அவள் முகம் மாறியது. அது நடிப்புதானா என்று அமைதியால் சொல்ல முடியவில்லை. தாழ்ப்பாள் விலகியது.

"போதும்," என்றாள் அமைதி. வழக்கத்தைவிட மெல்லத்தான் சொன்னாள்.  கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்த தயாரிப்பாளர் கையிலிருந்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

மறுபடி போட்டுப் பார்த்த நாளில் அவள் திரையைப் பார்க்கவே இல்லை. ஓரமாக நின்று ஆட்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள மணியே அடிக்கலையே" என்று குழந்தைக் குரல் கேட்டபோது, முன்வரிசையில் கிசுகிசுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிறுத்தினார்கள். அதன்பிறகு யாரும் இருமக்கூட இல்லை. தாழ்ப்பாள் சத்தம் கேட்டு, திரை இருண்டு, படத்தின் பெயர் வந்தது. நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து, குனிந்தபடி, மற்றவர்களின் முழங்கால்களில் இடித்துக்கொண்டு வெளியே போனாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அமைதி நினைத்தாள். பின்னாலேயே போனாள். அந்தப் பெண் நடையில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல... சும்மாதான் கூப்பிட்டேன். கதவு சாத்தியிருக்கா? யார் யார் இருக்கீங்க? சரி, சாப்பிடு." ஃபோனை வைத்துவிட்டு, அமைதியை யாரென்று தெரியாமல் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு, அவசரமாக உள்ளே திரும்பிப் போனாள்.

தயாரிப்பாளர் படம் முடிந்ததும் அவளிடம் அதிகம் பேசவில்லை. "பேயே வரலம்மா," என்றார். "என் உள்ளங்கை வேர்த்துப் போச்சு. இப்படியே விட்டுடலாம்." அமைதி தலையாட்டினாள். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது வரவில்லை. இனி ரிலீஸ், அதற்கு வரப்போகும் கூட்டம், அவர்கள் சிரிப்பார்களா என்ற அடுத்த கவலை அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது.

அந்த வார இறுதியில் பாப்பா இரண்டு தெரு தள்ளி ஒரு அறைக்குக் குடிபோனாள். ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை கிடைத்திருந்தது. வருகிறவர்களின் பெயரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். "நாள் பூரா பேச்சுதான்," என்று பெருமையாகச் சொன்னாள். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வண்டியிலேயே சாமானை ஏற்றி வந்தான். கட்டில் மாடிப்படி வளைவில் திரும்ப மறுத்தது. "சாய்ச்சுப் பிடி," என்றான் அவன். "நீ முதல்ல விடு," என்றாள் அமைதி. சிட்டு மேலே நின்றுகொண்டு இருவருக்கும் உத்தரவு போட்டாள்.

அந்த நேரத்தில் பாப்பாவின் ஃபோன் அடித்தது. யார் என்று பார்த்ததும் அவள் கட்டிலின் ஒரு முனையைச் சுவரில் சாய்த்துவிட்டு நான்கு படி இறங்கிப் போனாள். காதில் வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல் விடாமல் பேசுவது மேலே நின்றவர்களுக்கும் லேசாகக் கேட்டது. எட்டு மாதப் பேச்சையும் சேர்த்துவைத்துப் பேசுவது போல இருந்தது. பாப்பா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுதையும் கேட்டாள். அமைதியும் அவள் கணவனும் கட்டிலைப் பிடித்தபடி, ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். கை வலித்தது.

"இல்ல," என்றாள் பாப்பா கடைசியில். "வரல."

ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறி வந்தாள்.  குனிந்து கட்டிலின் முனையைத் தூக்கினாள்.

"அண்ணா, உன் பக்கம் கொஞ்சம் இறக்கு," என்றாள். "இப்ப தள்ளு."